மதர்போர்டுக்கு இட்ட சந்தனம்

பிறை சூடிய பெருமானே, எழுதுவோன் கையிலும் படிப்போன் கண்ணிலும் ஒருங்கே குடியிருப்பவனே, உன்னை வணங்கித் தொடங்குகிறேன். இங்கே எழுதப் போவது உன் புகழ் அன்று, என் குற்றம். பொய்யை ஒருமுறை எளிதாகச் சொல்லிவிட்ட என் நாவு, மெய்யைச் சொல்லும்போது தடுமாறாதபடி காத்தருள்வாயாக.

இன்று ஆவணித் திங்கள், வளர்பிறைப் பிரதோஷம், சோமவாரம். நோன்பு நோற்பதற்கும், நோற்றபடி உண்மை சொல்வதற்கும் இதைவிட நல்ல நாள் எனக்குக் கிடைக்காது. மாலையில் கோயிலுக்குப் போவதற்கு முன் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று காலையிலேயே மேசைக்கு வந்துவிட்டேன். என் முன்னே கணினி ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் உள்ளே சுழலும் சிறு விசிறியின் ஓசையைக் கேட்கும்போதெல்லாம் தலை தானாகக் குனிகிறது. ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

நான் சிவகாசியில் நாள்காட்டி அச்சிடும் கம்பெனி ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பிழை திருத்தியவன். நீங்கள் காலையில் எழுந்து கிழிக்கும் தேதித்தாளில் திதி, நட்சத்திரம், நல்ல நேரம், இராகு காலம், சூலம், விரத நாள் என்று சிறிய எழுத்தில் எத்தனையோ இருக்கும். அவற்றைப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப்பார்த்து, 'சரி' என்று ஓரத்தில் கையெழுத்திடுவது என் வேலை. ஓய்வு பெற்ற பின்னும் கம்பெனி அந்த வேலையை என் வீட்டுக்கே அனுப்பிவைக்கிறது. என் சொல்லுக்கு அங்கே இருக்கும் மதிப்பு அப்படி. அந்த மதிப்பை நான் நெடுங்காலம் இறைவன் தந்த செல்வமாகக் கருதிவந்தேன். அதை வைத்து என்ன செய்தேன் என்பது இனி தெரியும்.

எங்கள் வீடு நாரணாபுரம் போகும் சாலையில் இருக்கிறது. முன்னறையில், சுவாமி படங்களுக்கு எதிர்ச் சுவரை ஒட்டி, கணினி. அடுத்த ஆண்டுக்கான தேதித்தாள்கள் அதில்தான் இருந்தன. அவற்றோடு, நான் நாள்தோறும் ஓதும் பக்திப் பதிகங்களுக்குப் பதினோரு ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக எழுதிவந்த உரையும் இருந்தது. இந்த ஆண்டு ஆனி மாதக் கடைசியில், மின்சாரம் மூன்று முறை போய்வந்த ஒரு பிற்பகலில், கணினி அணைந்தது. பிறகு பொத்தானை எத்தனை முறை அழுத்தியும் உயிர் வரவில்லை.

கம்பெனி மேலாளரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். என்னிடம் வேலை பழகியவர் அல்லர். ஆயினும் என்னை 'ஐயா' என்று அழைக்காமல் ஒரு சொற்றொடரையும் தொடங்கமாட்டார்.

"ஐயா, கவலைப்படாதீக. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கிற பாய் ஒருத்தர் இருக்காரு. அவர அனுப்புறேன். இன்னொரு விசயமும் இருக்குங்கய்யா. நம்ம கம்பெனியில இருக்கிற அம்புட்டு மெஷினையும் வருசம் பூராப் பாத்துக்கிட ஒரு ஆள் வேணும். அவரு கேட்டிருக்காரு. ஆடிப்பெருக்குக்குள்ள முடிவு பண்ணணும். உங்க மெஷினை எப்படிப் பாக்காருன்னு நீங்களே பாருங்க. நீங்க சரின்னு சொன்னா சரி. உங்க வாக்குக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

வாக்கு. அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

ஆடி முதல் வாரத்து வியாழக்கிழமை காலை அவர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தோளில் ஒரு பை, கையில் அட்டைப்பெட்டி. செருப்பை வாசலில் கழற்றி ஒழுங்காக ஒதுக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார். முந்தின நாளே ஒருமுறை வந்து கணினியைப் பார்த்து, மதர்போர்டு போய்விட்டது, புதிதுதான் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார். பெட்டிக்குள் பிற உறுப்புகளெல்லாம் வந்து பொருந்தும் அடிப்பலகை அது. அட்டைப்பெட்டியில் இருந்தது அதுதான்.

கணினிப் பெட்டியை மேசைமேல் படுக்கவைத்து மூடியைக் கழற்றினார். புதிய போர்டை எடுக்கும் முன் எழுந்து சென்று சன்னல் கம்பியை உள்ளங்கையால் ஒருமுறை பற்றினார். பிறகு வந்து உட்கார்ந்தார். சிறிது நேரம் கழித்து, ரேம் எனப்படும் நினைவகப் பட்டையைத் தொடும் முன்னும் அவ்வாறே எழுந்து சென்று கம்பியைத் தொட்டார்.

"அது என்ன பாய் வழக்கம்?" என்று கேட்டேன்.

"சின்ன வயசுல பட்டாசு கம்பெனியில மருந்து ரூமுல நாலு வருசம் இருந்தேங்கய்யா. அங்கன உள்ள போறதுக்கு முன்னால வாசல்ல செம்புத் தகடு இருக்கும். உள்ளங்கைய வச்சுட்டுத்தான் போகணும். ஒடம்புல இருக்கிற கரண்டு தரையில எறங்கிரும். அங்கன தொடாமப் போனா ஆளு இருக்க மாட்டான். இங்கன தொடாமப் போனா போர்டு இருக்காது. அம்புட்டுதான் வித்தியாசம்."

என் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். "கடை எப்படிப் போகுது பாய்?" என்று கேட்டாள். யாரிடமும் இரண்டாவது வார்த்தையிலேயே குடும்ப நிலவரத்துக்குள் நுழைந்துவிடும் வல்லமை அவளுக்கு உண்டு.

"செல்போன் வந்த பின்னால வீட்டு மெஷினெல்லாம் கொறஞ்சு போச்சும்மா. நிலையா ஒரு கம்பெனி வேலை கெடச்சா கடைய விடாம வச்சுக்கிடலாம். இல்லாட்டி மச்சான் திருப்பூருக்குக் கூப்பிடுறாக, பனியன் கம்பெனிக்கு. எங்க வீட்டுல அவுகளுக்கு இந்த ஊர விட்டுப் போக மனசில்ல. ஐயா கம்பெனி கெடைக்கும்னு அவுக ஒரு மாசமா துவா கேட்டுக்கிட்டு இருக்காக."

அவர் அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. திருகாணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆனால் மேலாளர் முடிவை என் வாக்கிடம் விட்டிருப்பது அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது.

அப்போது மேற்கே ஒரு வெடிச்சத்தம் கேட்டது. எங்கள் பகுதியில் அச்சத்தம் கேட்டால் எல்லார் கையும் ஒரு நொடி நின்றுவிடும். அவர் கையில் இருந்த திருப்புளி அந்தரத்தில் நின்றது. என் மனைவி வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தாள். இரண்டாவது சத்தம் வரவில்லை, புகையும் இல்லை. "சோதிச்சுப் பாக்காங்க போல," என்றாள். திருப்புளி மீண்டும் இறங்கியது.

முற்பகல் முழுவதும் வேலை நடந்தது. பொத்தானை அழுத்தியபோது விசிறி சுழன்றது, திரை ஒளிர்ந்தது. ஆனால் கரிய திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி தோன்றி நின்றது. தொடங்குவதற்குரிய வட்டு எதையும் காணவில்லை என்பது அதன் பொருள். பதினோரு ஆண்டு உரை போயிற்று என்றே நினைத்தேன். உதடு தானாகவே ஒரு பதிகத்தை முணுமுணுத்தது.

"ஒண்ணும் போகலங்கய்யா," என்றார் அவர். "டிஸ்க்கு பழைய ஆளு, போர்டு புது ஆளு. இவரு புது முறையில கூப்பிடுறாரு. அவருக்குப் பழைய முறையில கூப்பிட்டாத்தான் காது கேக்கும். சொல்லிக் கொடுத்தாப் போதும்."

நீலத் திரை ஒன்றைத் திறந்து, அதில் ஒரே ஒரு வரியை மாற்றிவிட்டுக் கணினியை மீண்டும் எழுப்பினார். வெண்புள்ளிகள் வட்டமாகச் சுற்றத் தொடங்கின. கருவிகளை ஆயத்தம் செய்வதாக ஓர் அறிவிப்பு வந்தது. நூற்றுக்கு இருபது, நாற்பது, எழுபது. ஒருமுறை தானே அணைந்தது, தானே எழுந்தது. மறுமுறை அணைந்து எழுந்தபோது, திரை முழுவதும் நான் வைத்திருந்த கோபுரப் படம் வந்து நின்றது. என் கண் நனைந்துவிட்டது. தரிசனம் கிடைத்தவனைப்போலக் கைகூப்பினேன். அவர் நாணத்தோடு சிரித்துவிட்டுத் தேநீர்க் குவளையை எடுத்தார்.

புறப்படும்போது சொன்னார்: "பெட்டிக்குள்ள இருக்கிற பழைய விசிறி தேஞ்சு போச்சுங்கய்யா. நாளைக்கு ஜும்மா முடிச்சுட்டு வரும்போது புதுசு கொண்டாந்து மாட்டுறேன். அதுவரைக்கும் மூடி போட வேண்டாம், சூடு வெளிய போகட்டும். படுத்தபடியே இருக்கட்டும். நீங்க வேலை பாத்துக்கிடலாம். உள்ள மட்டும் யாரும் கை வச்சிராதீக."

வைக்கமாட்டோம் என்று சொன்னேன். அன்று மாலையே மேலாளரை அழைத்து நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். நாளைக்கு எல்லாம் முடிந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் ஆடி வெள்ளி. எங்கள் ஊரில் எந்தக் கருவியும் பொட்டு வைத்துக்கொள்ளாமல் தன் முதல் வேலையைத் தொடங்குவதில்லை. அச்சு இயந்திரம், தையல் இயந்திரம், தறி, மாவரைக்கும் இயந்திரம் என எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. என் கணினியும் ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று நெற்றியில் பொட்டோடுதான் நிற்கும். ஆனால் அந்தப் பொட்டு இதுவரை எப்போதும் பெட்டியின் மேல் தகட்டில்தான் வைக்கப்பட்டது. அன்று காலை நான் பொட்டை உள்ளே வைத்தேன்.

என் மனைவி பன்னீர் விட்டு அரைத்துத் தந்த சந்தனம் இளக்கமாக இருந்தது. பூசை முடித்து, அந்தக் கிண்ணத்தோடு மேசைக்கு வந்தேன். திறந்து கிடந்த பெட்டிக்குள் புதிய போர்டு, கோபுரமும் பிராகாரமும் கொண்ட ஒரு சிற்றூரை மேலிருந்து பார்ப்பதுபோல் கிடந்தது. அதன் நடுவே நிமிர்ந்து நின்றது நினைவகப் பட்டை. அதன் உச்சியில் மூன்று விரலால் சந்தனம் இழுத்தேன். மேலே குங்குமம் வைத்தேன். சுற்றிலும் திருநீறு தூவினேன். ஒரு பதிகம் முழுவதையும் பண்ணோடு பாடிக் கற்பூரம் காட்டினேன். பிறகு பொத்தானை அழுத்தினேன்.

திரை எழவில்லை. பெட்டிக்குள்ளிருந்து நீண்ட ஒலி ஒன்று எழுந்து நின்றது, மீண்டும் எழுந்தது, மீண்டும். நோயாளி முனகுவதுபோல் இருந்தது. அணைத்துவிட்டு மீண்டும் போட்டேன். அதே முனகல்தான் வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சந்தனத்தை ஏன் உள்ளே வைத்தேன்? ஆடி வெள்ளி, புதிய உறுப்பு, வழக்கம் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே கணினிக்கு வேறொருவர் வந்து உள்ளே ஓர் உறுப்பை மாற்றிச் சென்றார். அவர் நெற்றியில் திருநீறு அணிந்தவர். அன்றும் பெட்டி ஓர் இரவு திறந்துதான் கிடந்தது. அன்று எனக்குப் பன்னீரும் நினைவுக்கு வரவில்லை, கற்பூரமும் நினைவுக்கு வரவில்லை. பதிக உரை இருக்கும் பெட்டியின் உட்புறத்தை இந்த முறை மட்டும் நான் ஏன் புனிதப்படுத்த நினைத்தேன் என்பதை, பல நாள் கழித்து ஓதிக்கொண்டிருக்கும்போதுதான் உணர்ந்தேன். அடியாரிடம் குலம் கேட்கலாகாது என்னும் பொருள்பட நாள்தோறும் பாடும் வாய் என்னுடையது. அந்தப் பாட்டுக்கு நான் எழுதிய உரை நான்கு பக்கம் இருக்கிறது. நன்றாகவே எழுதியிருக்கிறேன்.

கணினி முனகியபோது அதையெல்லாம் நான் நினைக்கவில்லை. எனக்குச் சினம்தான் வந்தது. தொலைபேசியை எடுத்து மேலாளரை அழைத்தேன். மணி பதினொன்று, வெள்ளிக்கிழமை இராகு காலம். அந்நேரத்தில் ஒரு நல்ல சொல்லைக்கூட நான் தொடங்கியதில்லை. அன்று ஒருவர்மேல் பழியைத் தொடங்கினேன்.

"நேத்து ஓடுச்சு. இன்னைக்கு ஓடல. அவரு வேலை அவ்வளவுதான். போர்டு புதுசுதானான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு," என்றேன்.

கடைசி வாக்கியத்தைச் சொல்ல எனக்கு எந்த முகாந்திரமும் இல்லை. போர்டின் மேலுறையை அவர் என் கண் முன்னால்தான் பிரித்தார். இருந்தும் சொன்னேன். சொல்லும்போது நாவு கூசவில்லை.

 மேலாளர், "நீங்க சொன்னாச் சரிங்கய்யா. மதுரைக்காரர் ஒருத்தர் கேட்டுக்கிட்டிருக்காரு, அவரப் பாத்துக்கிடுறோம்," என்றார்.

இரண்டரை மணிக்கு அவர் வந்தார். வெள்ளைத் தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே உள்ளே வந்தார். கையில் புதிய விசிறி. நான் நாற்காலியைவிட்டு எழவில்லை. ஓடவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் பொத்தானை அழுத்தி அந்த முனகலைக் கேட்டார். முகம் மாறியது.

"உள்ள எதுவும் கை வச்சீகளாய்யா?"

"இல்லை," என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். எழுந்து போய்ச் சன்னல் கம்பியைத் தொட்டார். திரும்பிவந்து, இரு விரலால் நினைவகப் பட்டையை மெல்ல உருவினார். அதன் இரு பக்கமும் மஞ்சளாகச் சந்தனம் வழிந்து, கீழே பொன்னிறப் பற்கள்வரை இறங்கிக் காய்ந்திருந்தது. அது பொருந்தும் பள்ளத்திலும் மஞ்சள் இருந்தது. அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார். அறை முழுவதும் ஏற்கெனவே பன்னீர் மணம்தான். பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

"ரப்பர் இருக்காய்யா? பென்சில் அழிக்கிற ரப்பர்," என்றார் பிறகு.

என் மேசையில் இருந்தது. பிழை திருத்தும்போது நானே தவறாக இட்ட குறியை அழிக்க வைத்திருப்பது. எடுத்துக் கொடுத்தேன். அந்த ரப்பரால் பொன்னிறப் பற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். பையிலிருந்து ஒரு சிறு குப்பியும் தூரிகையும் எடுத்து, பள்ளத்தைத் துடைத்து, ஊதி, மீண்டும் துடைத்தார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அது காயும்வரை, விசிறியை மாற்றும் வேலையைச் செய்தார். அந்த ஒரு மணி நேரமும் நான் எதிரில் உட்கார்ந்து ஒரு தேதித்தாளைப் படித்துக்கொண்டிருந்தேன். எந்த நாளுக்குரியது என்றுகூட எனக்குத் தெரியாது.

பட்டையைப் பொருத்திப் பொத்தானை அழுத்தினார். முனகல் இல்லை. கோபுரம் வந்தது.

என் மனைவி உள்ளிருந்து வந்தாள். "என்ன பாய் ஆயிருந்துச்சு?"

"தூசிம்மா. தொறந்து போட்டிருந்தோம்ல, தூசி விழுந்துருக்கு. என் தப்புதான், ஒரு துணியாவது போத்திட்டுப் போயிருக்கணும்," என்றார் அவர்.

அவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் சூது அறியாதவள். "ஐயோ, பொட்டையும் அழிச்சுட்டீகளா? காலையில நான்தான் பன்னீர் விட்டு அரைச்சுக் குடுத்தேன். இவுக அம்புட்டுப் பாட்டுப் பாடி வச்சாக. கொஞ்சம் தண்ணியாப் போச்சோ, ஒட்டலையோ?"

அறையில் விசிறி ஒலி மட்டும் இருந்தது.

"நல்லாத்தாம்மா ஒட்டியிருந்துச்சு," என்றார் அவர். பையை மூடினார். "அடுத்த தடவ மூடிக்கு மேல வைங்க. உள்ள இருக்கிற சாமிக்கு ஈரம் ஆகாது."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். நான் சிரிக்க முயன்றேன், முடியவில்லை. அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். மேலாளரிடம் நான் சொன்னதை அவர் இன்னும் அறியவில்லை. நான் கூப்பிடவில்லை.

அவர் போனதும் மேலாளரை அழைத்தேன். அழைத்தேன் என்பதைக்கொண்டு என்னை மன்னித்துவிடாதீர்கள். "கம்ப்யூட்டர் இப்ப ஓடுது," என்று மட்டும்தான் சொன்னேன். சந்தனத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. மேலாளர், "ரெண்டாந்தடவ வந்து சரி பண்ணிட்டாராக்கும். பரவாயில்லங்கய்யா, நாங்க வேற ஆளு பேசிட்டோம். நம்ம பக்கத்துல ரெண்டு கம்பெனிக்காரங்க அந்தக் கடையப் பத்திக் கேட்டாங்க. அவங்ககிட்டயும் ஐயா இப்படிச் சொன்னாருன்னு சொல்லிட்டேன்," என்றார். சரி என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். பாதி உண்மை, முழுப் பொய்க்கு முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டது.

அதன்பின் இரண்டு வாரம் நான் வாழ்ந்த விதம் என் மனைவிக்குத் தெரியும். சந்தனக் கிண்ணத்தைத் தொடுவதை நிறுத்தினேன். ஓத உட்கார்ந்தால் இரண்டாம் பாட்டில் அடி மறந்தது. அறுபது ஆண்டுப் பழக்கத்தில் அடி மறப்பது எனக்கு முதல் முறை. "மேலுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். இன்னொரு 'இல்லை'.

எங்கள் தொழிலில் ஆடிப்பெருக்கு பெருநாள். அடுத்த ஆண்டு நாள்காட்டிகளின் மாதிரி ஆல்பத்தை அன்றுதான் பூசையில் வைத்து வெளியிடுவோம். அன்றுதான் ஆர்டர் எடுக்கத் தொடங்குவார்கள். கம்பெனிக் கூடத்தில் இயந்திரங்களுக்கெல்லாம் மாலையும் பொட்டும் வைத்து, ஏஜெண்டுகளும் தொழிலாளரும் கூடி நிற்பார்கள். கடவுள் வாழ்த்து நான் பாட வேண்டும். முதல் ஆல்பத்தை என் கையில் தருவார்கள். ஆண்டுதோறும் உள்ள மரியாதை.

இந்த ஆண்டும் நின்றேன். அச்சுக் கூடத்தின் ஓரத்தில் கணினிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம். எல்லாம் மூடியின் மேல். பைண்டிங் பிரிவுப் பெண் ஒருத்தி கடைசிக் கணினிக்குப் பொட்டு வைத்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவே பள்ளி சென்றவள். அவளுக்குத் தெரிந்திருந்தது.

நான் வாய் திறந்தேன். பாட்டு வரவில்லை.  மேலாளர் தண்ணீர்க் குவளையை நீட்டினார். வாங்கவில்லை.

"பாடுறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்," என்றேன். சொன்னேன். சந்தனத்தை உள்ளே வைத்தது நான் என்று சொன்னேன். கை வைத்தீர்களா என்று கேட்டபோது இல்லை என்று சொன்னதையும், போர்டு பழையது என்று ஆதாரம் ஏதுமின்றிப் பழி சொன்னதையும், அந்தக் கடைக்காரர் உண்மையைக் கண்டுபிடித்த பின்னும் என் மனைவியிடம் என்னைக் காட்டிக்கொடுக்காததையும் சொன்னேன். ஏன் உள்ளே வைத்தேன் என்பதை அங்கே சொல்லத் துணிவு வரவில்லை. அதை இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

 பின்வரிசையில் ஒரு பெண்குரல் அடக்கமாக, "ஐயா கம்ப்யூட்டருக்கு அபிசேகமே பண்ணிருக்காகடி," என்றது. சிலர் சிரித்தார்கள். எதிர்பாராமல் அந்தச் சிரிப்பு எனக்கு ஆறுதலாக இருந்தது. மேலாளரின் முகத்தில் சிரிப்பில்லை.

"உக்காருங்கய்யா, மூச்சு வாங்குது உங்களுக்கு," என்றார். குனிந்து என் காதருகே சொன்னார்: "மதுரைக்காரருக்குப் போன வாரமே கையெழுத்துப் போட்டாச்சு. ஒரு வருசத்துக்கு மாத்த முடியாது. இத நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாமேய்யா."

அவர் என்னைக் கடிந்து பேசியது அதுவே முதல் முறை. அன்று கடவுள் வாழ்த்தை வேறொருவர் பாடினார். ஆல்பத்தை நான் கையில் வாங்கவில்லை.

அங்கிருந்து நேரே பேருந்து நிலையத்துக்கு அருகிலிருந்த அவர் கடைக்குப் போனேன். சிறிய கடை. சுவரில் எங்கள் கம்பெனி நாள்காட்டி தொங்கியது. முந்தைய நாள் தாள் ஒழுங்காகக் கிழிக்கப்பட்டு, அன்றைய தேதித்தாள் தெரிந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் கவனித்தார்.

"ராகு காலம் பாத்துத்தான் மெஷினைக் கொண்டாந்து தர்றாகங்கய்யா. அதான் மாட்டி வச்சிருக்கேன். நீங்க சரி பாத்த தாளுதான். உக்காருங்க."

நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மேலாளரிடம் பேசியதைச் சொன்னபோது, அவர் கையிலிருந்த திருப்புளியை மேசைமேல் வைத்தார்.

"தெரியுங்கய்யா. மறுநாளே தெரியும். ஊரு சின்னது."

"ஏன் எங்கிட்ட வந்து கேக்கல?"

"கேட்டு? நீங்க மறுபடியும் இல்லன்னா நான் என்ன செய்ய?" பிறகு சொன்னார்: "பொட்டு வச்சீக, அதுக்கு எனக்கு வருத்தமில்ல. எங்க போனாலும் வைக்காக. போர்டு பழசுன்னீக, அது கோவத்துல வந்துருக்கும். ஆனா எதுத்தாப்புல உக்காந்துக்கிட்டு 'இல்ல'ன்னீக பாருங்க. உங்க வீட்டுக்கு வரும்போது எங்க வீட்டுல சொல்லி அனுப்புனாக, 'பெரிய மனுசன், பாட்டெல்லாம் படிச்சவரு, நாம பயப்பட வேண்டாம்'னு. அவுகளுக்குத்தான் நான் பதில் சொல்ல முடியல."

கைகூப்பினேன். அவர் விரைந்து வந்து என் கைகளைப் பற்றிப் பிரித்துவிட்டார். "அதெல்லாம் வேண்டாம். டீ சாப்பிடுங்க," என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் அந்தச் சொல்லைக் கேட்டுப்பெற விரும்பவில்லை.

அவர் கேட்டிருந்த கம்பெனி வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. நான் நேரில் போய்ச் சொன்ன பிறகு, அண்டைக் கம்பெனிகள் இரண்டில் ஒன்று தன் கணினிகளை அவரிடம் விட்டிருக்கிறது; மற்றது யோசிப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டது. திருப்பூர் போவதைப் பொங்கல்வரை தள்ளிவைத்திருக்கிறார். பொங்கலுக்குள் இன்னொரு கம்பெனி அமையாவிட்டால் அந்தக் கடைக் கதவு மூடும். அதை மூடியது என் வாய்தான்.

நாள்காட்டியில் ஒரு பிழை அச்சாகிவிட்டால் அது இலட்சம் சுவர்களுக்குப் போய்விடும். பின்னர் நாங்கள் அனுப்பும் பிழைதிருத்தச் சீட்டு அத்தனை சுவரையும் எட்டுவதில்லை. நான் சொன்ன பொய் போன தூரத்துக்கு, கூடத்தில் நின்று நான் சொன்ன மெய் போகவில்லை. இன்னமும் யாரோ ஒருவர் எங்கோ ஒரு கடையில், அந்தப் பாய் பழைய போர்டை மாட்டிவிடுவார் என்று சொல்லிக்கொண்டிருப்பார். அதனால்தான் எழுத்தில் வைக்கிறேன். எழுதப் போகிறேன் என்று சொல்லி அவரிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க. ஆனா என் பேரப் போடாதீக, கடைப் பேரும் வேண்டாம். உங்க பேரையும் போடாதீக. உங்களச் சொன்னா என்னையத் தெரிஞ்சிரும். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடைன்னாப் போதும், தேவைப்பட்டவுக வருவாக," என்றார். ஆகவே பெயர்கள் இல்லை. பேருந்து நிலையத்துக்கு அருகில் உள்ள அந்தக் கடைக்காரர் மாட்டிய போர்டு புதியது; அவர் வேலை பழுதற்றது; பழுது என்னுடையது.

இதைப் படிப்போர் யாவரும் நலம் பெறுக. உங்கள் இல்லத்துக் கருவிகள் எல்லாம் தொட்டவுடன் விழித்தெழுக. அவற்றைப் பழுதுபார்க்க வரும் கைகளை, எவருடைய கைகளாயினும், உங்கள் வீடு உள்ளன்போடு வரவேற்பதாக. தொழிலுக்காக உங்கள் ஒரு சொல்லை நம்பி நிற்பவர் எவரும் அச்சொல்லால் கெடாதிருக்கட்டும். 'உள்ளே கை வைத்தீர்களா' என்று உங்களிடம் யாரேனும் கேட்கும் நாளில், 'ஆம்' என்னும் சொல் உங்கள் நாவில் முந்தி நிற்க, அந்த விடையேறும் பெருமான் துணை நிற்பானாக.